கருப்பை வாய் நோயும் செவிலியர் கடமையும்

(நம் சங்க ஆண்டு விழாவின் இரண்டாம் நாள் பிற்பகல், செவிலியர் பயிற்சி பெறும் மாணவியர்க்கென அமைந்த அரங்கில் ஆற்றிய உரை)

செயலாளர் அவர்கள் சென்ற மாதம் எம் இல்லத்திற்கு வந்து, "மாணவியர் அரங்கில் தாங்கள் பேசவேண்டும். சிலப்பதிகாரம் என்றால் தங்களுக்கு எளிது" என்றார். சென்ற ஆண்டும் அதற்கு முந்திய ஆண்டும் யாம் சிலம்பைத்தான் பேசினோம். கண்ணகியை மூன்றாம் முறையும் மதுரைக்கு நடத்திச் செல்ல மனம் ஒப்பவில்லை. "பெண்டிர்க்கு வரும் கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிப் பேசுகிறோம்" என்றோம். அவர் சற்றே திகைத்து, "தாங்களா?" என்றார். நியாயமான வினாதான். யாம் மருத்துவர் அல்லோம். ரெயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். பத்தாம் வகுப்புத் தேறியதோடு எம் கல்வி நின்றுவிட்டது. மேலும் ஆடவர். எனினும் இப்பொருளைப் பேச எமக்கு ஒரு கடன் உண்டு. அக்கடன் யாதென்று இடையில் கூறுவோம். இங்கே சொல்லப்போகும் மருத்துவச் செய்திகள் எம் கற்பனை அல்ல. மருத்துவப் பெருமக்களிடம் கேட்டும், அச்சில் வந்தவற்றை அகராதியை அருகில் வைத்துப் படித்தும் சேர்த்தவை.

முதலில் உங்கள் பெயரைப் பற்றி ஒரு சொல். நர்சு என்பதற்கு நாம் செவிலியர் என்கிறோம். இச்சொல்லை யாரும் நேற்று உண்டாக்கவில்லை. அகப்பாடல்களில் செவிலித்தாய் ஒரு பெரிய பாத்திரம். தலைவியின் மனத்தில் ஒளிந்துள்ள செய்தி வெளிவரும் வழியைப் பண்டையோர் ஒரு முறையாகவே வகுத்திருந்தனர். தலைவி தோழிக்கு உரைப்பாள். தோழி செவிலிக்கு உரைப்பாள். செவிலி நற்றாய்க்கு உரைப்பாள். நற்றாய் வழியாகவே அது தந்தைக்கும் தமையர்க்கும் எட்டும். இதனை அறத்தொடு நிற்றல் என்பர். சொல்ல இயலாத ஒன்றைச் சொல்லுவதற்கு அறம் என்றே பெயரிட்டார்கள் பாருங்கள். பாடல்களில் அது காதற் செய்தி. யாம் இன்று பேசுவது நோய்ச் செய்தி. ஆயினும் அது நடக்கும் பாதை ஒன்றே என்பது எம் கருத்து. ஒரு பெண் தன் அந்தரங்க உறுப்பின் துன்பத்தைக் கணவனிடம் சொல்லாள். மகனிடம் சொல்லவே மாட்டாள். மேசைக்கு அப்பால் அமர்ந்து அவசரமாக எழுதும் மருத்துவரிடமும் தயங்குவாள். செவிலி கேட்டால் சொல்லுவாள். கேட்கும் விதத்தில் கேட்டால் சொல்லுவாள்.

எம் சிற்றன்னையின் கதை இதற்குச் சான்று. அதுவே எம் கடன்.

எம் தாயார் இளமையிலேயே மறைந்துவிட, எம்மை வளர்த்தவர் சித்தி. தம் கணவரை இழந்தபின் எம்முடன் வந்து ரெயில்வே குடியிருப்பில் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். மாதவிலக்கு நின்று நான்கு ஆண்டுகள் கழிந்தபின், 2014-ஆம் ஆண்டில், அவருக்கு மீண்டும் உதிரம் காணத் தொடங்கியிருக்கிறது. எமக்குத் தெரியாது. எம் இல்லாளுக்கும் தெரியாது. "உடம்பு சூடு" என்று தாமே முடிவு செய்து வெந்தயம் ஊறவைத்துக் குடித்துவந்தார். முகம் வெளிறிற்று, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று. எம் மருத்துவ அட்டையில் சிற்றன்னையின் பெயரைச் சேர்க்க விதி இடந்தராது. ஆதலின் வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இரத்தச் சோகை என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை தந்தார்கள். எட்டு மாதம் அதனையே விழுங்கினார். இரத்தம் ஏன் குறைகிறது, எங்கே போகிறது என்று அந்த எட்டு மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒருமுறை, சீட்டுப் பதியும் இடத்தில், முப்பது பேர் நிற்கும் வரிசையில், அங்கிருந்த ஊழியர் ஒருவர் உரத்த குரலில், இந்தியில், "மாதவிலக்கு இருக்கிறதா, நின்றுவிட்டதா, வேறு ஏதாவது போகிறதா?" என்று கேட்டார். சித்திக்கு இந்தி அரைகுறை. அந்த வினா மட்டும் நன்றாக விளங்கிவிட்டது. யாமும் அருகில் நின்றிருந்தோம். "ஒன்றுமில்லை" என்று சொல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். வீடு திரும்பும்வரை பேசவில்லை.

பின்னர் மயங்கி விழுந்து, வார்டில் சேர்த்து, இரத்தம் ஏற்றினார்கள். அங்கே பயிற்சிக்கு வந்திருந்த ஒரு மாணவி, நம் பக்கத்துப் பெண், மாலை வேளையில் சித்திக்குத் தலைவாரிப் பின்னிவிடுவாளாம். மூன்றாம் நாள் பின்னலின் நடுவே, "பெரியம்மா, துணி எத்தனை மாற்றுகிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறாள். 'போகிறதா' என்று கேட்கவில்லை; எத்தனை என்று கேட்டாள். சித்தி அழுதுவிட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்றிரவே மூத்த மருத்துவர் வந்து பார்த்தார். நோய் கருப்பை வாயைக் கடந்து இடுப்பெலும்பின் ஓரம் வரை சென்றுவிட்டது என்றார். மூன்றாம் கட்டம். கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தார்கள். 2016-ஆம் ஆண்டு தை மாதம் அவர் மறைந்தார்.

அந்த மாணவி ஓராண்டு முன்னதாக அவர் தலையை வாரியிருந்தால் என்று யாம் பலமுறை எண்ணியதுண்டு. இனி நோயைப் பற்றிச் சொல்லுவோம்.

கருப்பை தலைகீழாகத் தொங்கும் பேரிக்காய் போன்ற வடிவினது. அதன் குறுகிய கீழ்ப்பகுதி யோனியின் உள்ளே சிறிது நீண்டு நிற்கும். அதுவே கருப்பை வாய். அதன் உட்புறத்தே ஒருவகைத் தோல். ஒற்றை அடுக்கினது, மெல்லியது, சிவந்தது. வெளிப்புறத்தே வேறுவகைத் தோல். பல அடுக்கினது, தடித்தது, இளஞ்சிவப்பானது. இவ்விரண்டும் கூடும் வரம்பு ஒன்று உண்டு. பூப்பெய்தும் காலத்திலும் மகப்பேற்றிலும் இவ்வரம்பு நிலைமாறும்; ஒருவகைத் தோல் மற்றொன்றாக மாறிக்கொண்டிருக்கும். மாற்றம் நிகழும் இடத்திலேதான் கேடும் புகுகிறது. கருப்பை வாய்ப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது இவ்வெல்லையில்தான். உங்கள் பாடநூலில் இதன் படம் இருக்கும். அதனை நன்றாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர்ச் சொல்லப்போகும் சோதனை முழுவதும் இந்த வரம்பைச் சுற்றியே நிற்கிறது.

நோய்க்குக் காரணம் மனிதப் பாப்பிலோமா வைரஸ் என்னும் நுண்ணுயிர். சுருக்கமாக ஹெச்.பி.வி. என்பர். இவ்வைரசின் சில வகைகளே கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணம் என்று காட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹரால்ட் சுர் ஹௌசன். அதற்காக 2008-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். வைரசின் வகைகள் இருநூற்றுக்கும் மேல். அவற்றுள் 16, 18 என்னும் எண்ணுடைய இரண்டு மட்டுமே உலகில் உண்டாகும் கருப்பை வாய்ப் புற்றில் பத்தில் ஏழு பங்கிற்குக் காரணமாகின்றன.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். இது உடலுறவின் வழியே பரவும் வைரஸ் என்றவுடன் நம்மவர் மனம் எங்கே ஓடும் என்பது நாம் அறிந்ததே. அவ்வோட்டம் தவறு. இல்லற வாழ்வில் புகுந்த ஆண் பெண் இருபாலரில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதனைப் பெறுகின்றனர். ஒருவனையே மணந்து அவனோடே வாழ்ந்த பெண்ணுக்கும் வரும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இரண்டாண்டுக்குள் உடலே அதனை வென்று நீக்கிவிடுகிறது. எஞ்சிய சிலரிடத்தே அது தங்கிவிடுகிறது. யாரிடம் எப்போது வந்தது என்று எவராலும் சொல்ல இயலாது. ஆகவே இந்நோயுடைய பெண்ணைப் பார்த்து ஒழுக்கத்தை எடைபோடும் பார்வை ஒன்று செவிலியின் கண்ணில் தோன்றுமானால், அவள் மறுமுறை வரமாட்டாள். எம் சித்திபோல் முந்தானையைப் போர்த்திக்கொண்டு போய்விடுவாள். புகைபிடித்தல் இந்நோயின் வாய்ப்பை மிகுவிக்கும். எச்.ஐ.வி. தொற்றுடைய பெண்டிர்க்கு மற்றவரைக் காட்டிலும் ஆறு மடங்கு மிகுதி என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

தங்கிய வைரஸ் உடனே புற்றாகிவிடுவதில்லை. முதலில் செல்களின் உருவம் மாறும். அது புற்றுக்கு முந்திய நிலை. அதிலிருந்து புற்றாக முதிர்வதற்கு உடல் வலிமையுள்ள பெண்ணுக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கூட ஆகலாம். எதிர்ப்பாற்றல் குன்றியவர்க்கு ஐந்து முதல் பத்து ஆண்டுகள். இத்துணைக் கால அவகாசம் தரும் கொடிய நோய் வேறு ஏதேனும் உண்டோ! ரெயில்வேயில் வண்டி நிலையத்திற்குள் நுழையும்போது இருபுறமும் ஆட்கள் நின்று ஒவ்வொரு பெட்டியின் அடியையும் நோக்குவர். அச்சு சூடேறுகிறதா, சக்கரத்தில் வேற்றொலி உண்டா என்று பார்ப்பர். இக்காலத்தில் தொடாமலே வெப்பம் அளக்கும் கருவியும் வைத்துள்ளனர். ஏதும் கெட்டிராத வண்டியைத்தான் நாள்தோறும் இவ்வாறு நோக்குகின்றனர். கெட்டபின் நோக்குவதற்கு ஆள் தேவையில்லை, வண்டியே சொல்லிவிடும். ஆயினும் பதினைந்து ஆண்டு அவகாசம் தரும் ஒரு நோயினால், 2022-ஆம் ஆண்டின் உலகக் கணக்குப்படி, இந்தியாவில் அவ்வோராண்டில் ஏறத்தாழ 80,000 பெண்டிர் இறந்தனர். புதிதாக நோயுற்றோர் ஏறத்தாழ 1,27,000 பேர்.

குறிகளைக் கூறுவோம். உடலுறவுக்குப் பின் உதிரம் காணுதல். இரண்டு மாதவிலக்குகளின் இடையே காணுதல். விலக்கு முற்றும் நின்றபின் மீண்டும் காணுதல். இம்மூன்றில் ஒன்று இருப்பினும் மருத்துவர் உள்ளுறுப்பைப் பார்த்தே தீரவேண்டும். துர்நாற்றத்தோடு கூடிய நீர் அல்லது வெள்ளை. இடுப்பு வலி. கால் வீக்கமும் சிறுநீர்த் தடையும் தோன்றின் நோய் முற்றியது என்பதற்கு அறிகுறி. வெள்ளைப்படுதல் எல்லாமே நோயென்று மிரட்டவும் கூடாது. மாதத்தின் நடுவில் தெளிந்த, மணமற்ற நீர் காண்பது இயற்கை. தயிர்த்திரள் போன்று அரிப்புடன் காண்பது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று; எளிதில் தீரும். புற்றுக்கு முந்திய நிலையிலோ குறியே இராது. வலி இல்லை, உதிரம் இல்லை, ஒன்றும் இல்லை. ஆதலின் குறியை எதிர்நோக்கிக் காத்திருப்பவர் பயன்மிகுந்த காலத்தை இழந்துவிடுகிறார்.

எப்படிக் கேட்பது? உங்கள் ஆசிரியைமார் இதனைக் கற்பித்திருப்பர். எமக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறோம். பெண்கள் இவற்றை நேர்ச்சொல்லால் கூறுவதில்லை. நம் ஊர்ப்புறத்தில் தூரம் என்பர், தீட்டு என்பர், வீட்டு விலக்கு என்பர். "மூன்று மாதமாகக் குளிக்கவில்லை" என்றால் அழுக்கு என்று பொருளாகாது. நாம் வாழும் இந்த மும்பையில் உங்கள் படுக்கைக்கு வருபவர் பலவகையினர். இந்தி பேசுபவர் வெள்ளைப்படுதலைச் 'சஃபேத் பானி' என்பர்; வெள்ளை நீர் என்பது பொருள். மராத்தியர் மாதவிலக்கைப் 'பாளி' என்பர்; வெள்ளைப்படுதலை 'அங்காவரூன் பாண்ட்ரே ஜாணே' என்று சொல்லுவர்; உடல்மீதிருந்து வெள்ளை போதல் என்று அதற்குப் பொருள். இச்சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரையை இழுத்துவிட்டு, அருகில் அமர்ந்து, தாழ்ந்த குரலில், அவள் மொழியில், அவள் சொல்லால் கேட்டல் வேண்டும். உடன் வந்திருக்கும் மகனையோ கணவனையோ மருந்து வாங்கி வர அனுப்பிவிட்டுக் கேட்டல் வேண்டும். யாம் அன்று அருகில் நில்லாமல் இருந்திருந்தால் சித்தி ஒருவேளை வாய்திறந்திருப்பார். இதனைச் சொல்ல எமக்கு எளிதாக இல்லை.

இனிச் சோதனைகள். பாப் சோதனையை அறிவீர்கள். கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகொலாவு என்பார் வகுத்தது. 1943-ஆம் ஆண்டில் டிராட் என்பவரோடு சேர்ந்து அவர் நூலாக வெளியிட்டபின் செல்வ நாடுகளில் பரவி, அங்கே இந்நோயை வெகுவாகக் குறைத்தது. செல்களைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் தேர்ந்தவர் பார்க்கவேண்டும். நம் நாட்டுச் சிற்றூர்க்கு அத்தகைய தேர்ந்தவர் எங்கே? முடிவு வருவதற்குள் அப்பெண் மூன்று ஊர் கடந்து கரும்பு வெட்டப் போயிருப்பாள்.

இக்குறையைத் தீர்க்க வந்ததே காடிச் சோதனை. காடி என்னும் வினிகரில் உள்ள அசெட்டிக் அமிலத்தை நீர்த்த நிலையில் கருப்பை வாயில் தடவி, வெறும் கண்ணால் நோக்குவது. கெட்ட செல்கள் உள்ள இடம் வெளுத்துத் தோன்றும். 5 மில்லிலிட்டர் செறிந்த அசெட்டிக் அமிலத்தை 95 மில்லிலிட்டர் வடித்த நீரில் கலந்தால் 5 விழுக்காட்டுக் கரைசல் கிடைக்கும். அன்றன்று புதிதாகக் கலக்கவேண்டும். நீர்க்காத அமிலம் தவறிப் பட்டுவிட்டால் தோல் வெந்துவிடும். ஆகவே கலந்த புட்டியின்மீது பெயரும் நாளும் ஒட்டாமல் மேசையை விட்டு நகரக்கூடாது. விலக்கு நாளில் செய்தல் ஆகாது. சிறுநீர் கழித்து வரச் சொல்லி, நல்ல விளக்கொளியில், ஸ்பெக்குலம் வைத்து, முதலில் ஒன்றும் தடவாமலே நோக்கவேண்டும். பின்பு பஞ்சில் நனைத்துத் தடவி ஒரு நிமிடம் காத்திருக்கவேண்டும். ஒரு நிமிடம் என்றால் கடிகாரத்தில் ஒரு நிமிடம். வரிசை நீண்டிருக்கிறதே என்று இருபது நொடியில் முடிப்பது கூடாது. யாம் முன்பு கூறிய வரம்பை ஒட்டி, அடர்ந்து, ஓரம் தெளிவாக வெள்ளை தோன்றினால் அது கவனிக்கத்தக்கது. எங்கோ தொலைவில் மங்கலாகத் தெரியும் வெண்மை பெரும்பாலும் பொருட்டன்று. விலக்கு நின்ற மூத்த பெண்டிர்க்கு அவ்வரம்பு வாயின் உள்ளே சென்று மறைந்துவிடும்; அவர்களிடத்தே இச்சோதனை நம்பத்தக்கதாகாது. "ஒன்றும் இல்லை" என்று அவர்களுக்கு எழுதிக்கொடுப்பது பிழை. வேறு சோதனைக்கு அனுப்புதலே முறை.

இச்சோதனையின் வரலாறு நம் தமிழகத்தோடும், நாம் குடியேறிய இந்நகரத்தோடும் பிணைந்தது என்பதை எண்ணும்போது எமக்குப் பெருமிதம் உண்டாகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். மருத்துவர் சங்கரநாராயணன் அதன் தலைமையில் இருந்தார். 30 முதல் 59 வயதுடைய பெண்டிர். காடிச் சோதனைக்கென ஒதுக்கப்பட்ட ஊர்களில் ஏறத்தாழ 49,000 பேர். அவர்களுள் 31,000-க்கும் மேற்பட்டோர் சோதனைக்கு வந்தனர். சோதித்தவர் யார் தெரியுமா? பயிற்சி பெற்ற செவிலியர். மருத்துவர் அல்லர், செவிலியர். 2007-ஆம் ஆண்டில் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. சோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் உண்டான இறப்பு மற்ற ஊர்களைக் காட்டிலும் 35 விழுக்காடு குறைந்திருந்தது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்த சோதனையின் பயன் அது.

மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனையார் 1998-ஆம் ஆண்டில் குடிசைப் பகுதிகளில் தொடங்கிய ஆய்வு இதனினும் எம்மைக் கவர்ந்தது. அதற்குக் காரணம் உண்டு. மருத்துவர் சுரேந்திர சாஸ்திரி நடத்திய அவ்வாய்வில் சோதனை செய்தவர் செவிலியர்கூட அல்லர். பத்தாம் வகுப்பாவது படித்த பெண்களைத் தேர்ந்து, சில வாரப் பயிற்சி தந்து அமர்த்தினார்கள். பத்தாம் வகுப்பு! எம்முடைய தகுதி. இரண்டாண்டுக்கு ஒருமுறையாக நான்கு முறை சோதனை. ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பெண்டிர் இரு பிரிவாக அவ்வாய்வில் அடங்கினர். 2013-ஆம் ஆண்டில் முடிவை அறிவித்தபோது, சோதிக்கப்பட்ட பிரிவில் இறப்பு 31 விழுக்காடு குறைந்திருந்தது. மற்றப் பிரிவினர்க்கு அறிவுரை மட்டுமே தந்து சோதனை தராது விட்டது முறையா என்று அறிஞர் சிலர் பின்னர் வாதிட்டனர். அவ்வாதத்தில் நியாயம் இருப்பதாகவே எமக்கும் படுகிறது. அப்பெண்டிரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் நாம் இன்று உறுதியாகப் பேசுவது அவர்களால்தான்.

நிறைவை மட்டும் சொல்லிக் குறையை மறைப்பது எழுத்தர் தொழிலுக்கு அழகன்று. மராட்டிய மாநிலத்து உஸ்மானாபாத் மாவட்டத்தில், இப்போது தாராசிவ் என்னும் பெயருடைய அவ்விடத்தில், 1,31,000-க்கும் மேற்பட்ட பெண்டிரைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2009-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கே காடிச் சோதனையும் பாப் சோதனையும் இறப்பை உறுதியாகக் குறைத்ததாகக் காணப்படவில்லை. வைரஸ் இருக்கிறதா என்று நேரே கண்டறியும் ஹெச்.பி.வி. சோதனையோ, ஒருமுறை செய்ததற்கே இறப்பை ஏறத்தாழப் பாதியாக்கியது. ஆகவே 2021-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் ஹெச்.பி.வி. சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்தது. 30 வயதில் தொடங்கி, ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை. எச்.ஐ.வி. தொற்றுடையவர்க்கு 25 வயதிலிருந்து, மூன்று முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை. அவ்வசதி எட்டாத ஊரில் காடிச் சோதனையே கைகொடுப்பது. கண்ணும் கையும் பழகிய செவிலி செய்தால் நன்கு கைகொடுக்கும். பழகாதவர் செய்தால் உஸ்மானாபாத்தின் கணக்கே கிட்டும் என்று எமக்குத் தோன்றுகிறது. இது எம் சொந்தக் கருத்து.

புற்றுக்கு முந்திய நிலை கண்டுவிட்டால் தீர்வு மிக எளிது. உறைகுளிரால் அவ்விடத்தை அழிக்கலாம். அல்லது சூட்டால் அழிக்கலாம். அல்லது மின்கம்பி வளையத்தால் அப்பகுதியைச் செதுக்கி எடுக்கலாம். குளிர், சூடு இரண்டிற்கும் மயக்க மருந்து வேண்டா. அன்றே வீடு திரும்பிவிடலாம். சித்தி பட்ட பாடோ முப்பது நாளுக்குக் குறையாத கதிர்வீச்சு, வாரந்தோறும் நரம்பில் ஏற்றிய மருந்து, உள்ளே கருவி வைத்துக் கொடுத்த கதிர், ஓயாத வயிற்றுப்போக்கு. இரண்டிற்கும் இடையே உள்ளது ஏறத்தாழப் பத்தாண்டுக் காலமும் ஒரு வினாவுமே.

தடுப்பூசி பற்றிச் சுருங்கச் சொல்லுவோம். மாணவியராகிய நீங்கள் எம்மினும் அறிவீர்கள். 9 முதல் 14 வயதுக்குள், வைரஸ் நெருங்குமுன் போடுவது மிகுந்த பயன் தரும். சிக்கிம் மாநிலம் 2018-ஆம் ஆண்டிலேயே தன் சிறுமியர்க்குப் பள்ளிகளின் வழியே போட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் எட்டியது. புனாவில் உள்ள சீரம் நிறுவனத்தார் செர்வாவாக் என்னும் பெயரில் நம் நாட்டிலேயே செய்த ஊசியை 2023-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஊசி போட்டவர்க்கும் முப்பது வயதில் சோதனை வேண்டும். ஏனெனில் எல்லா வகை வைரசையும் அது தடுப்பதில்லை. கருத்தரிப்பதை அது கெடுக்கும் என்று ஒரு புரளி உலவுகிறது. அதற்கு ஆதாரம் ஏதும் இல்லை. இச்சபையில் சிறுமியரின் தந்தையர் பலர் இருப்பதால் இதனை உரத்துச் சொல்லுகிறோம்.

இனி எம்மை உறுத்தும் ஒரு கணக்கு. 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுள்ள பெண்டிரில் கருப்பை வாய்ச் சோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் நூற்றுக்கு இருவர்கூட இலர், 1.9 விழுக்காடு. தமிழ்நாட்டில் 9.8. நம் மாநிலம் முன்னணியில் நிற்பது உண்மை. ஆயினும் பத்தில் ஒன்பது பேர் அங்கும் விடுபட்டுள்ளனர். 2030-ஆம் ஆண்டுக்குள் பத்தில் ஏழு பெண்டிரையேனும் சோதித்துவிட வேண்டும் என்று உலக நாடுகள் 2020-ஆம் ஆண்டில் இலக்கு வைத்தன. சோதனை இலவசமாகக் கிடைக்கும் இடங்களிலும் நாற்காலிகள் வெறுமையாக இருப்பதை யாமே கண்டிருக்கிறோம். அஞ்சுவது நோய்க்கு அன்று. ஆடை களைவதற்கும், ஆண் மருத்துவர் இருப்பாரோ என்பதற்கும், அண்டைவீட்டார் காண்பரோ என்பதற்கும்.

எம் இல்லாளும் அவ்வாறே அஞ்சியவர்தாம். சித்தி மறைந்து ஓராண்டு கழிந்தபின்னும், "எனக்கு ஒன்றும் இல்லையே, எதற்கு?" என்று தட்டிக்கழித்துவந்தார். யாம் எடுத்துரைத்ததெல்லாம் வீண். ஆடவர் சொல்லுக்கு இவ்விடயத்தில் மதிப்பு குறைவு, அது சரியும்கூட. ஒருநாள் அந்தப் பழைய பயிற்சி மாணவி, இப்போது பணியில் அமர்ந்துவிட்டவர், சித்தியின் நினைவு நாளென்று வீட்டுக்கு வந்தார். அடுக்களையில் இருவரும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தனர். என்ன பேசினர் என்று எமக்கு இன்றுவரை தெரியாது. மறுவாரம் இருவருமாகச் சென்று வந்தனர். குறை ஒன்றும் இல்லை என்று சீட்டில் எழுதியிருந்தது. "இதற்கா இத்தனை நாள் பயந்தேன்! பல் டாக்டரிடம் வலித்த அளவுகூட வலிக்கவில்லை" என்றார் எம் இல்லாள்.

மண்டபத்தின் வாயிலருகே மகளிர் பிரிவினர் மேசையில் நீலநிறப் பதிவேடு ஒன்று உள்ளது. அடுத்த மாதம் முதற் சனிக்கிழமை, முப்பது வயது நிறைந்த நம் தாய்மார்களை ஒரு குழுவாகச் சோதனைக்கு அழைத்துச் செல்ல ஏற்பாடு ஆகியிருக்கிறது. சோதிப்பவர் பெண் மருத்துவரும் செவிலியருமே. முற்பகல் வரை ஒன்பது பெயர்கள் சேர்ந்துள்ளன. இந்தியும் மராத்தியும் அறியாத மூத்தவர் நால்வர் அவர்களுள் இருக்கின்றனர். அவர்கள் பக்கத்தில் நின்று, மருத்துவர் கேட்பதைத் தமிழில் மெல்லச் சொல்ல, மாணவியர் இருவர் தேவை. விருப்பமுடையோர் அதே பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் தங்கள் பெயரை எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். ஆடவர் மண்டபத்திலேயே இருக்கலாம். உடன் வரத் தேவையில்லை.